தேயிலை விளையும் ஊரில் உட்கார்ந்து தேநீர் குடிக்க ஓர் இடம்

ரொறன்ரோவில் வசிக்கும் பழைய நண்பர் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். நோர்வூட்டுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, ஹற்றனில் படித்து, 1983 ஆடிக்குப் பின்னர் நாட்டை விட்டுப் போனவர். குரலில் வழக்கமான உற்சாகம்.

"மச்சான், சித்திரையில குடும்பத்தோட வாறோம். அம்மாவும் வருது, எண்பத்திரண்டு வயசு. பேரப்பிள்ளைங்க ரெண்டு பேர். ஹற்றன்லயோ நுவரெலியாவுலயோ பொம்பளப் பிள்ளைகளோட நிம்மதியா உட்கார்ந்து சாப்பிட நல்ல கடை எது? நீ பேப்பர்காரன், ஒனக்குத் தெரியாததா?"

எந்தத் தலைவர் எந்தக் கட்சிக்குத் தாவுவார் என்று கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பேன். நாற்பது ஆண்டுப் பத்திரிகைத் தொழில் அந்த ஞானத்தையாவது தந்திருக்கிறது. இந்தக் கேள்விக்கு வாயடைத்துப் போனேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்று கூறி ரிசீவரை வைத்தேன். அன்றிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். யோசிக்க யோசிக்கக் கோபம் வருகிறது.

நுவரெலியாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது எளிது. பணம் இருந்தால் அங்கே சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தமக்கென்று கட்டிய மாளிகையை அடித்தளமாகக் கொண்டு எழுந்த கிராண்ட் ஹோட்டல் இருக்கிறது. 1876 இல் தோட்டத் துரைமார் நிறுவிய ஹில் கிளப் இருக்கிறது. அங்கே கழுத்துப்பட்டி கட்டி இராச்சாப்பாடு சாப்பிடும் சம்பிரதாயத்தைப் பற்றிச் சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் வியந்து எழுதும். கந்தப்பளைப் பக்கம் போனால் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றையே ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். கொழுந்து வாட்டிய தட்டுகள் இருந்த மாடிகளில் இன்று மெத்தைகள் இருக்கின்றன. பணம் குறைவாயின், கடைத்தெருவில் சில சைவக் கடைகள் உண்டு. தோசையும் வடையும் சூடாகக் கிடைக்கும். என் நண்பரின் பேரப்பிள்ளைகளுக்கு அது போதும். ஆனால் ஏப்ரல் மாத வசந்த காலத்தில், குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் நாட்களில், அந்தக் கடைகளில் கதிரை பிடிப்பது பாராளுமன்ற ஆசனம் பிடிப்பதைவிடச் சிரமம். நண்பர் வருவதோ அதே மாதத்தில்.

ஆயினும் இவையெல்லாம் யாருக்கான இடங்கள்? கொழும்பிலிருந்து வேன் பிடித்து வருபவருக்கு, இந்தியாவிலிருந்து தேனிலவுக்கு வருபவருக்கு, ரொறன்ரோவிலிருந்து டொலரோடு வரும் என் நண்பருக்கு. 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். அவர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட எங்கே போகிறார்கள்? நண்பரின் தாயார் நாட்டை விட்டுப் போகாமல் அந்த லயத்திலேயே இருந்திருந்தால், இன்று எந்தக் கடையின் படியை ஏறியிருப்பார்?

இனி ஹற்றனுக்கு வருவோம்.

ஹற்றன் கடைகளில் உணவு மோசம் என்று நான் சொல்லவரவில்லை. காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும், இடியப்பமும் சொதியும் சுவையாகவே இருக்கும். மேசையில் அமர்ந்ததும் ஒரு பெரிய தட்டில் வடை, றோல்ஸ், பற்றீஸ், பணிஸ் எல்லாவற்றையும் அடுக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். எடுத்ததற்கு மட்டும் காசு; மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். (எத்தனை கைகள் தொட்டுப் பார்த்த வடை என்று மட்டும் கேட்கக்கூடாது.) பகலில் சோறும் மூன்று மரக்கறியும். மாலையானால் கொத்து ரொட்டித் தகட்டின் சத்தம் தெருமுனை வரை கேட்கும். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைக்குப் போவோரின் பெருங்கூட்டம் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. அந்த மாதங்களில் கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும்.

அப்படியானால் குறை எங்கே? உணவகத்தைப் பற்றி எழுதும் நிருபர்கள் தட்டைப் பார்ப்பார்கள். என் வழக்கம் வேறு. கடைக்குள் நுழைந்ததும் பின்புறம் போய் மலசலகூடத்தைப் பார்ப்பேன். அது இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம், உள்ளே தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா? இந்த ஐந்து கேள்விகளிலும் தேறிய கடையில்தான் பெண்களும் முதியோரும் பிள்ளைகளும் நிம்மதியாக உட்கார முடியும். மலைநாட்டுச் சிறுநகரங்களில், தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் கொட்டகலையிலும், நான் கண்ட கடைகளில் பெரும்பாலானவை இரண்டாவது கேள்வியிலேயே தோற்றுவிடும். குறிப்பிட்ட நகரசபையையோ முதலாளியையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. எல்லா ஊருக்கும் பொருந்துவதைச் சொல்கிறேன்.

சம்பளம் போட்ட பின் வரும் ஞாயிற்றுக்கிழமை ஹற்றன் கடைத்தெருவில் ஒரு மணித்தியாலம் நின்று பாருங்கள். பத்தாம் திகதி கையில் வந்த காசு, அடகுக்கடைக்கும் பலசரக்குக் கடைக்கும் பிள்ளைகளின் கொப்பிக்கும் பிரிந்து போய்க்கொண்டிருக்கும். தாய்மார் காலை ஏழு மணிக்குத் தோட்டத்தை விட்டுப் புறப்பட்டவர்கள். பத்துக் கிலோமீற்றர், பதினைந்து கிலோமீற்றர் குலுங்கும் பஸ்ஸில் வந்தவர்கள். மாலை திரும்பும் வரை அவர்களில் பலர் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் குடிப்பதில்லை என்பதை ஆண்களுக்கு விளக்க வேண்டும். பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பகல் ஒரு மணிக்கு மூடிக் கிடக்கும் கடையொன்றின் படிக்கட்டில் அமர்ந்து, பேக்கரியில் வாங்கிய பணிஸை நான்கு துண்டாகப் பிய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். குடும்பத் தலைவன் எங்கே? அவனுக்கு மட்டும் இந்த ஊரில் உட்கார இடம் உண்டு. கதிரை உண்டு, மேசை உண்டு, தொட்டுக்கொள்ளக் கடலை உண்டு, குளிருக்கு அடைத்த கதவும் உண்டு. மதுக்கடையைச் சொல்கிறேன். 2024 டிசம்பரில், அதற்கு முந்திய ஆட்சிக் காலத்தில் வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் பாராளுமன்றத்தில் வெளியானபோது நாடு பெரிதாகப் பேசிற்று. அனுமதிப்பத்திரம் எவர் பெற்றார் என்ற கேள்வியிலேயே பேச்சு ஓய்ந்துவிட்டது. ஒரு தோட்டத்து நகரத்தில் மது அருந்த எத்தனை கதிரைகள், சோறுண்ண எத்தனை கதிரைகள் என்று எண்ணிப் பார்க்க ஒருவரும் முன்வரவில்லை.

என் சொந்தக் கதை ஒன்று. எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். சம்பளத்துக்கு மறுநாள் அப்பா எங்களை ஹற்றனுக்குக் கூட்டிவந்தார். அம்மா, நான், இடுப்பில் தங்கை. பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு கடையில் நுழைந்தோம். முன்வரிசை மேசையில் இடம் இருந்தது. கல்லாவில் இருந்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தோட்டத்து ஆளுங்க பின்னால போங்க, அங்க எடமிருக்கு" என்றார். பின்னால் இருந்தது விறகு அடுக்கிய தாழ்வாரமும் ஒரு நீள வாங்கும். அப்பா அந்த வாங்கில் எங்களோடு உட்கார்ந்து தோசை தின்றார். அம்மா தின்னவில்லை. "வயிறு சரியில்ல" என்றார். திரும்பும் வழியில் பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதற்குப் பின் அவர் ஹற்றனில் எந்தக் கடையிலும் உட்காரவில்லை. ஒரு துணிப்பையில் ரொட்டி சுற்றிக் கொண்டுவந்துவிடுவார்.

இன்று யாரும் அப்படி வாய்விட்டுச் சொல்வதில்லை. விலைப்பட்டியல் சொல்லிவிடுகிறது. தோட்டத் தொழிலாளரின் ஆயிரம் ரூபாக் கோரிக்கை 2015 அளவில் எழுந்து, 2021 இல்தான் கைக்கு வந்தது. பின்னர் 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில் அதை 1550 ஆக்கி, அரசின் வருகைக் கொடுப்பனவாக 200 ரூபாவையும் சேர்த்து, நாளொன்றுக்கு 1750 ரூபா என்று அறிவித்தார்கள். நல்லது, வரவேற்கிறேன். சென்ற முறை நான் போனபோது ஒரு கோழிக்கொத்தின் விலை ஆயிரம் ரூபாவைத் தாண்டியிருந்தது. நிர்ணயித்த அளவு கொழுந்து எடுத்து, முழுப்பேர் விழுந்து, ஒரு நாள் முழுதும் மலையில் நின்றவரின் கூலி இரண்டு தட்டுக் கொத்துக்குக் காணாது. அப்பாலுள்ள நீர்த்தேக்கக் கரையில் பழைய துரைமார் பங்களாக்களை விடுதிகளாக்கியிருக்கிறார்கள். அங்கே ஓரிரவுக்கு நூற்றுக்கணக்கான அமெரிக்க டொலர். விருந்தினருக்குக் கொழுந்து பறிப்பது எப்படி என்று காட்டிக்கொடுக்கும் ஏற்பாடும் உண்டாம்.

சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால் இந்த வேடிக்கை இன்னும் கசக்கும்.

ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை நட்டதிலிருந்து முப்பது ஆண்டுகள் கூட ஆகாத காலம். 1894 இல் லண்டனின் பிக்கடிலித் தெருவில் லையன்ஸ் நிறுவனம் தன் முதலாவது தேநீர்க்கடையைத் திறந்தது. வெள்ளை மேசைவிரிப்பு, சுத்தமான கோப்பை, மட்டான விலை. அதற்கு முன் லண்டனில் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணொருத்தி ஆண் துணையின்றி வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவது எளிதல்ல. இருந்தவை சாராயக் கடைகள், ஆண்களின் சாப்பாட்டுக் கடைகள், பணக்காரரின் ஹோட்டல்கள். கடைகண்ணிக்கு வந்த பெண்களும், அலுவலகத்தில் தட்டச்சுச் செய்த இளம் பெண்களும், பிள்ளைகளோடு வந்த தாய்மாரும் கௌரவமாக அமர்ந்து பசியாறவும், நாகரிகமான மலசலகூடத்தைப் பயன்படுத்தவும் அந்தத் தேநீர்க்கடைகள் வழி திறந்தன. பின்னர் நாடெங்கும் இருநூறுக்கு மேல் பெருகின. இங்கிலாந்துப் பெண்களின் விடுதலைக் கதையை எழுதுவோர் தேநீர்க்கடைக்கு ஒரு பக்கமேனும் ஒதுக்குகிறார்கள். அந்தத் தேநீரின் கொழுந்தைப் பறித்த கைகள் எவருடையவை? அந்தப் பெண்களின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் இன்றைக்கும் கடைப் படிக்கட்டில் அமர்ந்து பணிஸ் பிய்க்கிறார்கள்.

இன்னும் ஒன்று. 1932 இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை அமைந்தது. ஏற்றுமதியாகும் தேயிலையின் மீது விதித்த வரிப்பணத்தில் இயங்கிய சபை. பின்னாளில் லண்டன் ரீஜன்ட் தெருவின் கீழ்ப்புறத்தில் 'இலங்கைத் தேயிலை நிலையம்' என்ற ஒன்று நடந்தது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் வந்து நல்ல தேநீரும் சிற்றுண்டியும் உண்டு மகிழ்ந்த இடம். வயதான லண்டன்வாசிகள் இன்றும் ஆசையோடு நினைவுகூர்வார்கள். நம் தாய்மாரின் கூடையிலிருந்து எடுத்த காசில் லண்டனில் குடும்ப உணவகம் நடத்தத் தெரிந்த நாட்டுக்கு, ஹற்றனில் ஒன்று நடத்த வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை?

தேநீரைப் பற்றிப் பேசினால் இரத்தம் கொதிக்கும். ஹற்றன் கடையில் உங்களுக்குக் கிடைப்பது துணி வடியில் மீண்டும் மீண்டும் ஊறிய தூள். நல்ல தேயிலை பெட்டியிலேறிக் கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும். பால் தேநீர் கேட்டால் பால்மாவைக் கலக்கித் தருவார்கள். அம்பேவெலப் பண்ணையில் மாடுகள் மேய்வது சற்றுத் தூரத்தில்தான். கரட், லீக்ஸ், கோவா, பீற்றூட் எல்லாம் மலையில் விளைந்து லொறியேறித் தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் போகின்றன. நம் கடைகளின் பட்டியலிலோ ப்ரைட் ரைஸும் டெவில் கோழியும். தேயிலைக் கொழுந்துச் சம்பல் என்று ஒன்று நம் வீடுகளில் உண்டு. வல்லாரைச் சம்பல், கருவாட்டுக் குழம்பு, அடுப்பில் சுட்ட தடித்த கோதுமை ரொட்டி இவையும் உண்டு. இவற்றை ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிடும் பாக்கியம் எனக்கு இதுவரை வாய்க்கவில்லை.

முதலாளிமாரிடம் கேட்டால் சொல்லும் பதில்கள் எனக்கு மனப்பாடம். "ஐயா, தோட்டத்துச் சனம் உட்கார்ந்து சாப்பிட வராது, பார்சல் கட்டித்தான் கேட்கும்." உட்காரவைத்துப் பார்த்தீர்களா? பார்சல் கேட்பது பழக்கத்தால் அல்ல; என் அம்மா துணிப்பையில் ரொட்டி கொண்டுவந்த அதே காரணத்தால். "மலசலகூடம் கட்டினால் தெருவில் போகிறவர்கள் எல்லாம் வருவார்கள்." வரட்டுமே. வந்தவர்களில் நால்வர் தேநீர் குடிக்கமாட்டார்களா? "கட்டுபடியாகாது." இந்த ஒன்றில் நியாயம் உண்டு. கடைத்தெரு வாடகை ஏறிவிட்டது, எரிவாயுவும் தேங்காயும் விலையேறிவிட்டன. தனி முதலாளியிடம் தர்மம் கேட்க நான் வரவில்லை. தர்மத்தால் நடக்கிற காரியமும் இதுவல்ல.

அயலில் எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். இந்தியாவில் கோப்பிச் சபை தன் கோப்பி நிலையங்களை மூடி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிய 1950 களில், ஏ. கே. கோபாலன் அவர்களைக் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டினார். 1957 இல் பெங்களூரில் முதற் சங்கம். அடுத்த ஆண்டில் திருச்சூர். அவ்வாறு உருவான இந்தியன் கோப்பி ஹவுஸ் இன்றும் கேரளத்து நகரங்களில் குடும்பங்கள் கவலையின்றி ஏறும் இடம். முதலாளி இல்லை, பரிமாறுபவரே பங்காளி. அவர்கள் தோட்டத்தில் கோப்பி பறித்தவர்கள் அல்லர் என்பது உண்மைதான். ஆனால் கோப்பியால் பிழைத்த தொழிலாளிக்கு அது சாத்தியமாயிற்று. தமிழ்நாட்டில் 2013 இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். மகளிர் சுயஉதவிக் குழுவினர் சமைத்தார்கள். அரசியல் விளம்பரம் என்று எள்ளியவர்களும் வரிசையில் நின்றார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் வடக்கிலேயே 'அம்மாச்சி' இருக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில், உள்ளூர்ப் பெண்கள் கண்ணெதிரே சமைத்துக் கொடுக்கிறார்கள். தோசையும் புட்டும் இலைக்கஞ்சியும் மலிவாகக் கிடைக்கின்றன. யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அதை நடத்துபவர்களில் போரில் கணவரை இழந்தவர்கள் உண்டு. பெயர் வைப்பதில் கூட ஒரு பெரிய தகராறு நடந்தது; 'ஹெல போஜுன்' என்று தெற்கில் வழங்கும் பெயர் வேண்டாம், 'அம்மாச்சி' என்றே இருக்கட்டும் என்று மாகாணசபை பிடிவாதம் பிடித்தது. பெயருக்குச் சண்டை பிடிக்கவாவது ஒரு கடை அவர்களிடம் இருந்தது.

மலையகத்தில் தொழிற்சங்கங்களுக்கு மாதாமாதம் சந்தா போகிறது, தலைமுறை தலைமுறையாக. அவர்களுக்கு நகரங்களில் கட்டடங்கள் உண்டு. கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடமிட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்தவர். 1931 இல் ஹற்றனை மையமாக வைத்துத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவர். துரையின் அனுமதியின்றி வெளியார் தோட்டத்தில் காலடி வைக்க முடியாத காலம் அது. தொழிலாளி மூச்சுவிட்டுப் பேச முடிந்த இடம் நகரமும் அதன் தேநீர்க்கடையும்தான். அந்த வரலாற்றின் வாரிசுகள் தாமே என்று மேடைதோறும் முழங்குகிறவர்கள், தங்கள் கட்டடத்தின் கீழ்த்தளம் ஒன்றை வாடகையின்றிப் பத்துப் பெண்களிடம் கொடுக்கட்டும். பெரிய அடுப்பு இரண்டு, முப்பது கதிரை, கை கழுவத் தண்ணீர், தாழ்ப்பாள் போட்ட மலசலகூடம் இரண்டு, குழந்தைக்குப் பாலூட்ட ஒரு மறைப்பு. தமிழில் எழுதிய விலைப்பலகை. தமிழ் 1987 முதல் அரச கரும மொழி. கடைப் பலகைக்கும் அது ஆகாதா? 2023 இல் மலையக மக்களின் இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். மாநாடுகள், மலர்கள், நினைவுச் சின்னங்கள். அவற்றுக்குச் செலவான பணத்தின் ஒரு சிறு பங்கு போதும்.

படித்து முன்னேறிய எம்மவர்களையும் விடுவதாக இல்லை. ஆசிரியர்கள், கணக்காளர்கள், கொழும்பில் கடை வைத்திருப்போர்: பிள்ளையின் பிறந்தநாள் என்றால் கண்டிக்கும் கொழும்புக்கும் வண்டியேறுகிறோம். ஊருக்கு வந்தால் "இங்க ஒரு நல்ல கடையில்லையே" என்று மூக்கைச் சுளிக்கிறோம். நான் முப்பது ஆண்டுகள் அப்படித்தான் சுளித்தேன். சம்பள உயர்வு பற்றி எழுதிய கட்டுரைகள் எத்தனையோ. மலசலகூடம் பற்றி ஒன்றேனும் எழுதியதில்லை. ஆசிரியபீடத்தில் அது செய்தியாகத் தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நண்பருக்கு நேற்று பதில் சொல்லிவிட்டேன். நுவரெலியாவில் காலை பத்து மணிக்கு முன் சைவக் கடைக்குப் போய்விடு. பகலுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்து ஒரு ஹோட்டலில் இறங்கு. ஹற்றனில் தங்காதே, தோட்டத்துக்கு நேரே போ, சொந்தக்காரர் வீட்டில் ரொட்டி சுடச் சொல். அவர் மறுத்துவிட்டார். "அம்மாவுக்கு ஹற்றன் டவுன்ல உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கணுமாம் மச்சான். அந்தக் காலத்துல ஒருதரம் கூட உட்கார்ந்ததில்லையாம்."

அவரது மனைவி தொலைபேசியை வாங்கிப் பேசினார். "அண்ணா, கடை எப்படியிருந்தாலும் பரவாயில்லை. மாமியால படி எறங்கிப் போக முடியாது. கடையோட ஒட்டி பாத்ரூம் இருக்கிற எடமா ஒண்ணு பார்த்து வைங்க."

வருகிற ஞாயிறு ஹற்றனுக்குப் போகிறேன், ஒவ்வொரு கடையாக ஏறிப் பார்க்க.